ஆலம்பத்துக்காரர் போட்ட மாலை

“ஆலம்பத்துக்காரன் கையால மாலை வாங்கினவன் எவனும் மறுமாசம் அதே நாற்காலியில இருந்ததில்ல, கேட்டேரா?”

நாகர்கோவில் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பின் சீட்டில், மடியில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த கணபதியப்பன் காதிலும் அது விழுந்தது. அவர் ஆலம்பத்துக்காரர். அதுவும் சும்மா ஆலம்பத்துக்காரர் இல்லை. ஊர் வரவேற்புக் கமிட்டியில் மாலை போடுகிறவரே அவர்தான். படிப்போ பேச்சோ பார்த்து அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட மந்திரியானாலும் குனியச் சொல்லாமல் மாலை போடுகிற உயரம் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

கணபதியப்பன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைச் சாறு தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஆலம்பத்து, கன்னியாகுமரி போகும் வழியில் இருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபின் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்க்கவேண்டிய அவசரம் ஏற்பட்டது. போகிற கார்களை வளைவு கட்டி நிறுத்தி, வரவேற்புப் பத்திரம் வாசித்து, இளநீர் கொடுத்து அனுப்புவதற்காகவே கமிட்டி உண்டானது. அதன் காரியதரிசி கோலப்பன், கணபதியப்பனின் மனைவி பகவதியம்மாளுக்குத் தம்பி. மைக் இல்லாமல் அவனுக்குப் பேச்சு வராது. வீட்டில் குழம்புக்கு உப்புப் போதாது என்று சொல்வதற்குக்கூட, “பெரியோர்களே” என்று தொடங்குவான்.

வரவேற்புப் பத்திரத்தில் மூன்று பாகம் புகழ்ச்சி. கடைசியில் ஒரு வரி கோரிக்கை. அந்த ஒரு வரி ஊர்க்குளத்து மடையைப் பற்றியது. போன வருஷ வெள்ளத்தில் மடையின் அடைப்புப் பலகை உடைந்துபோனது. அன்றுமுதல் குளத்தில் தண்ணீர் நிற்பதில்லை. மடைக்குக் கீழே முதல் வயல் கணபதியப்பனுடையது. குடும்பத்துக்கு வேறு வயல் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு மந்திரி வந்தார். கணபதியப்பன் மாலை போட்டார். “மடை விஷயமாக ஆவன செய்யப்படும்” என்று மந்திரி திருவாய் மலர்ந்தருளினார். பங்குனியில் மந்திரிசபை கவிழ்ந்தது. இனி மந்திரியே கிடையாது, டில்லியிலிருந்து நேரே ஆட்சி என்றார்கள். சித்திரையில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய உத்தியோகஸ்தர் வந்தார். மாலை போட்டார்கள். வைகாசியில் அவரை வேறெங்கோ மாற்றினார்கள். ஆனியில் வந்த இன்ஜினியர், மாலையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, அவருடைய ஆபீஸை இன்னொரு ஆபீஸோடு சேர்த்துவிட்டதாகத் தந்தி வந்தது.

முதல் போகமான கன்னிப்பூப் பயிர் பாதி கருகிப் பாதி பதரானது. அதைப்பற்றி எந்தத் தந்தியும் வரவில்லை.

பஸ்ஸில் கேட்டதைக் கணபதியப்பன் வீட்டில் சொன்னார்.

“ஒங்க கை அம்புட்டு விசேஷமாக்கும்!” என்றாள் பகவதியம்மாள். “இருவது வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே. ஒருநா அந்தக் கையை அடுக்களையில வைச்சுப் பாருங்கோ.”

கோலப்பன் சிரிக்கவில்லை. இதைக் கமிட்டியின் கவனத்துக்கு உடனே கொண்டுவரவேண்டும் என்றான். கொண்டுவருவதற்குள் ஆளே வந்துவிட்டது. நாகர்கோவிலிலிருந்து முத்துநாயகம் என்ற கட்சிக்காரர், சலவைக் கதரில், குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“எங்க தலைவர் ஒருத்தரை நீங்க வரவேற்கணும் ஓய்.”

“உங்க கட்சித் தலைவரையா?” என்றான் கோலப்பன்.

“பின்னே? எதிர்க்கட்சிக்காரனை எதுக்கு வரவேற்கணும்? அவன் பாவம், அவன் பாட்டுக்கு இருக்கான்.”

“அவரு ஒமக்கு வேண்டப்பட்டவருல்லா?”

“ரொம்ப வேண்டப்பட்டவரு. பத்து வருஷமா அதே பதவியில இருக்காரு. நான் பத்து வருஷமா அவருக்குப் பின்னால நிக்கேன்.” முத்துநாயகம் குரலைத் தாழ்த்தினார். “மாலை கனமா இருக்கட்டும். செலவு என்னோடது.”

“அத்தான் கைதான் வேணுமா, வேற ஆளு போட்டா போதுமா?”

“அவரு கைதான்.”

“மடைக்கு ஒரு பலகை...” என்று தொடங்கினார் கணபதியப்பன்.

“முதல்ல காரியம் நடக்கட்டும் அண்ணாச்சி. பின்னே பலகை என்ன, புதுக்குளமே வெட்டலாம்.”

அந்தத் தலைவருக்கு ஆவணி மாதம் மாலை விழுந்தது. புரட்டாசியில் பதவி முத்துநாயகத்துக்கு வந்தது. அதன்பிறகு அவர் கன்னியாகுமரிக்குப் போவதானால் ஆலம்பத்து வழி வராமல் அஞ்சுகிராமம் சுற்றிக்கொண்டுதான் போனார்.

இப்படிப்பட்ட விஷயத்தில் சர்க்கார் சும்மா இருக்க முடியுமா? ஒரு உத்தரவு வந்தது. ஆலம்பத்து எல்லைக்குள், பூமாலை, காகித மாலை, நூல் மாலை, ஏலக்காய் மாலை இவற்றையோ இவற்றைப் போன்ற வட்டமான வேறு பொருளையோ, பணியிலிருக்கும் உத்தியோகஸ்தரின் கழுத்திலிருந்து மூன்று முழத்துக்குள் எவரும் கொண்டுவரலாகாது. மடையைப் பற்றிய மனு பரிசீலனையில் இருக்கிறது என்று அதே காகிதத்தின் அடியில் எழுதியிருந்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்கும்படி அதற்கு முன்வாரம் இன்னொரு உத்தரவு வந்திருந்ததாம்.

கோலப்பன் தளரவில்லை. ஆள் வராவிட்டால் என்ன, அரசாங்கம் இருக்கிறதே என்றான். ஐப்பசியில் ‘திரு-கொச்சி ராஜ்யமே வாழ்க’ என்று பலகை எழுதி வளைவில் கட்டினான். கணபதியப்பன் அந்தப் பெயர்ப்பலகைக்கே மாலை போட்டார். ஐப்பசி பாதியில், நவம்பர் முதல் தேதி, திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த அந்தத் திரு-கொச்சி ராஜ்யம் இல்லாமல் போயிற்று. தெற்குத் தாலுகாக்கள் தமிழ் ராஜ்யத்தோடு சேர்ந்தன.

டீக்கடைத் தாணுலிங்கம் பேப்பரை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடக்கினான். “மந்திரி போனான். மந்திரிசபை போச்சு. இப்பம் ராஜ்யமே போயாச்சு. வேய் கணபதியப்பன், டீயைக் குடிச்சிட்டுச் சட்டுனு எழும்பும். என் கடையைத் தொடப்பிடாது.”

எத்தனையோ பேர் ஊர்வலம் போய், அடிபட்டு, ஜெயிலில் கிடந்து பெற்ற காரியத்தை ஆலம்பத்து ஒரே ஒரு மாலையால் முடித்துவிட்டதாகக் கோலப்பன் கூசாமல் பேசினான். ஊரும் கூசாமல் கைதட்டியது.

இரண்டாம் போகமான கும்பப்பூ நட்டாயிற்று. மழை பெய்தது. குளம் பெருகுவதும் மடைவழியே வடிவதுமாக இருந்தது. தூர தேசத்தில் சூயஸ் கால்வாயைக் கப்பல்களை முக்கி அடைத்துவிட்டார்கள் என்று தாணுலிங்கம் பேப்பரில் வாசித்ததைக் கணபதியப்பன் வீட்டில் வந்து சொன்னார்.

“அம்புட்டுப் பெரிய கால்வாயையே அடைச்சுப் போட்டானா?” என்றாள் பகவதியம்மாள். “அந்த ஆளுட்ட ஒரு மனு எழுதிக் கொடுங்கோ. நம்ம மடை எம்புட்டுக்காணும்?”

அதற்குள் புது ராஜ்யத்தின் புது அதிகாரி ஊரைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஊர் கூடி ஆலோசித்தது. இப்போதுதான் நம்ம ராஜ்யம் வந்திருக்கிறது, இதையும் தொலைத்துவிடக் கூடாது, ஆகையால் வரவேற்பு கிடையாது என்று தீர்மானமாயிற்று. ஆனாலும் பழக்கத்தால் கோலப்பன் சுசீந்திரத்தில் மாலைக்குச் சொல்லிவிட்டான். அது வந்து சேர்ந்து, பழக்கத்தால் கணபதியப்பன் கைக்குப் போயிற்று.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிக் குளக்கரையில் நின்றார். கணபதியப்பன் மாலையோடு பின்னால் போய் நின்றார்.

“சாரே, இந்த மடை...”

அதிகாரி திரும்பினார். மாலையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“மடை விஷயம் பைலில் இருக்கிறது.”

“பைல் எங்கே இருக்கு சாரே?” கணபதியப்பன் ஒரு அடி முன்னால் வந்தார்.

“திருவனந்தபுரத்தில். புது எல்லை தாண்டி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். குளம் எங்களுக்கு வந்துவிட்டது. பைல் இன்னும் வரவில்லை. எந்தப் பைல் எந்த ராஜ்யத்துக்கு என்று கமிட்டி... கிட்டே வராதீர்.”

“பலகை போடாட்டா பயிரு போயிரும். ஏற்கெனவே ஒரு பூவு போயாச்சு. வீட்டுல விதைநெல்லையும் எடுத்துப் பொங்கியாச்சு சாரே.”

கணபதியப்பன் கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கினார். கையோடு மாலையும் எழும்பியது. அதிகாரி ஜீப்பை ஒருமுறை வலம் வந்தார். பதில் கிடைக்காததால் கணபதியப்பனும் வலம் வந்தார். மூன்றாவது சுற்றில் அதிகாரி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூவினார்.

“மூன்று நாள்! மூன்று நாளில் பலகை வரும்!”

“செரி சாரே. அதுவரைக்கும் ஈரத்துணியில சுத்தி வைக்கேன்” என்றார் கணபதியப்பன். வாங்கிய பூ வாடிப்போகக் கூடாதே என்ற எண்ணம்தான் அவருக்கு.

மூன்றாம் நாள் பலகை வந்தது. நல்ல தேக்கு. ஒரு வருஷமாக நாகர்கோவில் கிடங்கில், ‘ஆலம்பத்து மடைக்கு உரியது, பைல் வரும்வரை தொடாதே’ என்று சீட்டு ஒட்டிக் கிடந்ததாம். சாயங்காலம் பலகை மடையில் இறங்கியது. கணபதியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒழுகுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒழுகவில்லை.

குளம் நிறைந்ததும் கோலப்பன் நன்றி பாராட்டும் விழா ஏற்பாடு செய்தான். மேடை, வளைவு, மைக் செட், பட்டுத்துணியில் அச்சடித்த பத்திரம். அதிகாரிக்குக் கடுமையான வயிற்றுவலி, விடுப்பில் போயிருக்கிறார் என்று தகவல் வந்தது. அவர் இல்லாவிட்டாலும் விழா நடக்கும் என்று கோலப்பன் மைக்கைப் பிடித்தான்.

“பெரியோர்களே! மடைப்பலகை தானாக வரவில்லை. இந்தக் கமிட்டியின் அயராத உழைப்பால் வந்தது. எத்தனை மந்திரிகள் வந்தார்கள், போனார்கள்! ராஜ்யமே போயிற்று! ஒன்பது வருஷமாக அசையாமல் காரியதரிசியாக நிற்பவன் யார்? இனியும், என் உயிர் உள்ளவரை...”

ஊர் கைதட்டியது. முன்வரிசையில் பகவதியம்மாள், “இவனுக்கு எப்பம்தான் வயித்துவலி வருமோ” என்றாள்.

கணபதியப்பன் புது மாலையோடு மேடை ஓரத்தில் நின்றிருந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேடையில் வேறு ஒருவரும் இல்லை. மெதுவாக நடந்து போய், கோலப்பனுக்குப் பின்னால் நின்று, மாலையைத் தூக்கி அவன் கழுத்தில் போட்டார்.