உமாபதி திருப்பிக் கொடுத்த இரண்டு பாயிண்டு

காஞ்சிபுரம்
4-10-1970, ஞாயிறு காலை

சிரஞ்சீவி மைத்துனன் வேலாயுதத்துக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் கண்ணாயிரம் ஆசீர்வதித்து எழுதுவது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நேற்று மாலை கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் நம் ஊர்க் கல்லூரி, மதராஸ் பாங்கு டீமை ஒரு பாயிண்டில் ஜெயித்தது. பத்து நிமிஷம் கழித்து அதே டீமிடம் ஒரு பாயிண்டில் தோற்றது. நடுவில் யாரும் பந்தைத் தொடவில்லை. தோற்க வைத்தவன் கல்லூரி கேப்டன் உமாபதி, அதாவது நம் பெண் பெரியநாயகிக்குப் பேசி வைத்திருந்த பையன். கல்யாணப் பேச்சை அந்த இடத்திலேயே முறித்துவிட்டேன். தாய்மாமன் நீ பம்பாயில் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டிருப்பாய். கேட்டிருந்தால் ரத்து செய்துவிடு. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

நீயும் நானும் பார்த்த ஆட்டமா இது? நான் சைக்கிளில் புடவை மூட்டை கட்டித் தெருத் தெருவாக விற்ற காலத்தில், மூட்டையோடு சைக்கிளைப் பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பேரும் எத்தனை ஆட்டம் பார்த்திருப்போம். அப்போது வலை ஏது? வெறும் இரும்பு வளையம். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். அந்தக் காலத்துப் பையன் வெறுங்காலில் ஆடுவான், இரண்டு கையாலும் தொடைக்கு நடுவிலிருந்து பந்தைத் தூக்கி விடுவான், ஜெயித்தால் ஆளுக்கு ஒரு கலர் சோடா. படிப்பு முடிந்ததும் பந்தை மறந்துவிட்டு வக்கீல் குமாஸ்தாவாகப் போய்விடுவான். இப்போது பையன்கள் எகிறி, ஆகாயத்தில் நின்று, ஒற்றைக் கையால் போடுகிறார்கள். கல்லூரிக்காரன் ஆசைக்கு ஆடுகிறான், பாங்குக்காரனும் ரயில்வேக்காரனும் சம்பளத்துக்கு ஆடுகிறான். அமெரிக்காவில் வேறு வேலையே செய்யாமல், டிக்கெட் போட்டு, பந்து ஆடியே பிழைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டி அங்கலாய்த்தேன். ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். சம்பளத்துக்கு ஆடுகிறவன் பந்தை வீணாக்குவதில்லை, அது எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கணக்கில்தான் உமாபதிக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்தேன். அவன் அப்பா கந்தன் நம் பட்டுக் கடைக்குப் புடவை நெய்கிறவர், நல்ல மனிதர், ஆனால் பையன் ஆறடி இரண்டங்குலம். குழித்தறியில் உட்கார்ந்தால் முழங்கால் தறியை இடிக்கிறது. இவனுக்குப் பந்தை விட்டால் பிழைப்பு இல்லை. பாங்கு டீம் மானேஜர் தாவீது அவனை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஃபைனல் முடியட்டும், சொல்றேன்" என்றார். வேலை ஆர்டர் வந்த மறுநாள் நிச்சயதார்த்தம் என்று நான் சொன்னேன். எல்லாம் சுத்தமான பேச்சு.

கெடுத்தது வலை. கல்லூரி வலை நைந்துபோய்விட்டது, தர்மமாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டார்கள். கடையில் தறிக்குப் பாவு ஓட்டியது போக மிஞ்சிய பட்டுநூல் கிடந்தது. அதை முறுக்கி வலை போட்டால் செலவும் இல்லை, ஊரே அண்ணாந்து நம் கடைச் சரக்கைப் பார்க்கும் என்று நினைத்தேன். நம் புடவைகளுக்கு முந்தானையில் குஞ்சம் கட்டித் தரும் தில்லையம்மாளிடம் பழைய வலையை மாதிரிக்குக் கொடுத்தேன். அது அடிப்பக்கம் கிழிந்திருந்தது. அவள் ஜென்மத்தில் ஓர் ஆட்டமும் பார்த்தவளில்லை. குஞ்சம் கட்டும் கைக்கு நூல் முனை அவிழ்ந்து தொங்கினால் பொறுக்காது, அதனால் இரண்டு வலைக்கும் அடிவாயில் ஒரு பட்டுக் கயிற்றைக் கோத்து சுருக்கு வைத்துவிட்டாள். பச்சையும் அரக்குமாக வலை மின்னிய மின்னலில் நான் அடியைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "இன்னா மொதலாளி, கீழ பிஞ்சி தொங்கிக்கினு இருந்தா பாக்கறவங்க என்னத்தானே கேப்பாங்க? எடம் விட்டுத்தானே போட்டேன்?" என்கிறாள்.

இடம் விட்டுத்தான் போட்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு பந்து விழும்போதும் சுருக்கு ஒரு நூல் இறுகியது. முதல் பாதியில் பந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது, இரண்டாம் பாதியில் யோசித்து யோசித்து இறங்கியது. ஜனங்கள் பட்டு வலை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று ரசித்தார்கள். கடைசி நிமிஷத்தில் பாங்கு அறுபத்தொன்று, நாம் அறுபது. கடைசி விநாடி உமாபதி எகிறிப் போட்டான். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போயிற்று. போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டது. விசில் ஊதியாயிற்று, பந்து இறங்கவில்லை. இருபது வருஷத்தில் நான் பார்க்காத காட்சி.

"விழலையே சார்! கீழ விழுந்தாதானே பாயிண்டு!" என்று பாங்குக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். "அம்பயர் சார், நான் வியாபாரி. சரக்கு கடைக்குள்ள வந்துட்டா வந்த சரக்குதான். பின்வாசல் வழியா வெளிய போனாத்தான் வந்ததுன்னு எழுதுவீங்களா?" என்றேன். கைதட்டல் பார்க்க வேண்டுமே! அம்பயர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், மேலிருந்து உள்ளே போய் அங்கேயே தங்கினாலும் சரிதான் என்று போட்டிருந்தது. அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. எனக்குத் துண்டு போர்த்தினார்கள், உமாபதியைத் தோளில் தூக்கினார்கள்.

அவன் தோளிலிருந்து இறங்கி நேரே அம்பயரிடம் போனான். "சார், அப்போ அவங்க பந்தும் கணக்குதான்."

"எந்தப் பந்து?"

"ரெண்டு நிமிஷம் முன்னாடி எங்க பக்கம் போட்டாங்களே. ரிங்ல பட்டு வெளிய வந்துதுன்னு சொன்னீங்க. படல சார். உள்ளதான் போச்சு, அடிவாய் குறுகிப்போயி வலைதான் மேல தள்ளி விட்டுச்சு. நான் கீழதான் நின்னுக்கினு இருந்தேன்." பிறகு என்னைக் கை காட்டினான். "மாமா இப்பத்தானே சொன்னாரு, உள்ள வந்துட்டா வந்த சரக்குதான்."

வேலாயுதம், என் தோளில் துண்டு இருக்கிறது, என் வார்த்தை அவன் வாயில் இருக்கிறது. "டேய், உன்னை யாராவது கேட்டாங்களாடா?" என்றேன்.

"கேக்கல மாமா."

"அப்புறம்?"

"பார்த்தேனே."

அடிவாய் திறந்திருந்தால் இறங்கியிருக்கும் பந்து, எதிர் கேப்டனே சொல்கிறான் என்று அம்பயர் கணக்கைத் திருத்தினார். பாங்கு அறுபத்து மூன்று, நாம் அறுபத்திரண்டு. தாவீது கோப்பையை வாங்கிக்கொண்டார், உமாபதியை ஒரு பார்வை பார்த்தார், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைக்கு வந்த சரக்கைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவனுக்கு என் பெண் இல்லை என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அதைவிட அதிர்ச்சி. கல்லூரி மாடியிலிருந்து ஆட்டம் பார்த்த பெரியநாயகி, "அப்பா, அந்தப் பந்து உள்ள போனதை நான் அங்கிருந்தே பார்த்தேன். கயித்துக்கிட்ட உக்காந்துக்கினு இருந்த நீங்க பார்க்கலியா?" என்கிறாள். உன்னிடம் மறைப்பானேன், நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு வெற்றிலை மடித்தேன். வியாபாரிக்கு அவ்வளவு தெரியாமல் இருக்குமா? அவள் சாப்பிடவில்லை. உன் அக்காள் அங்கம்மாள் எனக்கு மோரில்லாமல் சோறு போட்டாள். இனிமேல் கூடைப்பந்து என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது. வாலாஜாபாத் பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்கிற பையனாக, ஐந்தரை அடிக்கு மேற்படாதவனாக நீயும் விசாரி.

குழந்தைகளுக்கு என் முத்தம், உன் வீட்டாருக்கு என் ஆசி. காமாட்சியம்மன் உங்களை நல்ல புத்தியோடும், முடிந்தால் குட்டையாகவும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு, தபால் எடுக்கவில்லை, நல்லதாயிற்று. மத்தியானம் தாவீது கடைக்கு வந்தார். வலைக்காகச் சண்டை பிடிக்க வந்தார் என்று எண்ணி முந்திக்கொண்டு காபி சொன்னேன். "நல்லா ஆடற பையன் எனக்குப் பத்து பேர் கிடைப்பாங்க. கேஷ் கவுண்டர்ல நம்பி உட்கார வைக்க ஒருத்தன் கிடைக்கணுமே" என்று சொல்லி, உமாபதியின் வீட்டுக்கு வழி கேட்டார். நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன், கந்தன் அதற்கு இடமே வைக்கவில்லை. "முறிச்சது நீங்க, மொதலாளி. சேக்கணும்னா நாங்க சொல்றதுதான்" என்றார். நீ லீவை ரத்து செய்யாதே. பேசி முடித்தது இதுதான்: முகூர்த்தம் தை மாதம், அவர்கள் பக்கம் சீர் எதுவும் கேட்கவில்லை, புது வலை இரண்டு, சணலில், அடிவாய் திறந்து, என் செலவில், தில்லையம்மாளுக்குப் பட்டு வலைக்குச் சொன்ன கூலி குறையாமல் தர வேண்டும், கல்யாணப் புடவைக் குஞ்சமும் அவளுக்கே, ஆட்டத்துக்கு நான் வரலாம், ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வாய் திறக்காமல். கடைசியாகச் சொன்னது, வீட்டுக்கு வந்ததும் பெரியநாயகி போட்ட நிபந்தனை. மூன்று வருஷம் வாய் திறக்கக் கூடாது என்றாள், பேசிப் பேசி ஒரு வருஷத்துக்கு முடித்தேன்.