உருளிக்காக ஸ்டேஷன் ஏறியது

கருங்கல்,
மார்கழி, 1956

அன்புள்ள தம்பி வைகுண்டராஜனுக்கு அக்காள் செல்லத்தாய் எழுதிக்கொள்வது. நாம் கும்பிடும் அய்யா புண்ணியத்தில் நானும் பசுவும் சுகம். கீரிப்பாறைத் தோட்டத்தில் நீயும் பிள்ளைகளும் அட்டைக்கடி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும்.

உன் அத்தான் ஆடியில் கண்மூடினார். இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். ஆனாலும் இன்று அழுவதற்கு எழுதவில்லை. உன் அக்காள் போலீஸ் ஸ்டேஷன் ஏறிவிட்டாள்!

அம்மா எனக்குத் தந்த வெண்கல உருளி, துப்பாக்கிச் சூடு நடத்தி போலீஸ் வீடு வீடாகப் புகுந்த வருஷம் காணாமல் போனதே, அப்போதே புகார் கொடுப்போம் என்றால் அத்தான், "போனது போவட்டு. ஸ்டேஷனுக்குப் போனா நீயும் போவே" என்று வாயை அடைத்துவிட்டார். இப்போது நாம் மலையாள ராஜ்யம் விட்டு மதராஸோடு சேர்ந்தபின் வந்திருக்கும் ஏட்டு ஞானதாசன் சந்தையில் நின்று, "பயப்படாண்டாம், குறை இருந்தா வாருங்க" என்று தினமும் கூப்பிடுகிறார், ஒரு ஈ கூடப் போகவில்லை, அவரைக் கண்டால் மீன்காரி கிரேசி கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், ஏட்டை நினைத்துப் பாவமாக இருந்தது, நான் போனேன், தெருவே பின்னால் வந்து வாசலோடு நின்றுகொண்டது. ஏட்டு நாற்காலி போட்டு, "இரியும் அம்மா" என்றார். நாற்காலியில் இருந்து பழக்கம் உண்டா? நுனியில் உட்கார்ந்து தடாலென்று விழுந்தேன். "ஐயோ, அடிக்காரு!" என்று வெளியே கிரேசி கூவ, பாதித் தெரு ஓடிவிட்டது. நான் சன்னலில் தலை நீட்டி, "ஏட்டி கிரேசி, எனக்குச் சாயா தாறாரு!" என்றதும் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

உருளியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று ஏட்டு எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பாத்திரக்கடை ஒன்று விடாமல் தட்டுகிறார். "உனக்க உருளி கிட்டட்டு, பெறவு எனக்க ஆடு களவுபோனதச் சொல்லுவேன்" என்கிறாள் கிரேசி. ஊரே அதற்குத்தான் காத்திருக்கிறது. முதல் படி ஏறியவள் நான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம். அய்யா உங்களை ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும்.

செல்லத்தாய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் தென்னைமூட்டில் தடம் வெட்ட மண்வெட்டி போட்டேன். டங்கென்றது. உருளி! சாக்கில் சுற்றி, அத்தான் போடும் அதே முடிச்சு. போலீஸ் தூக்கிப்போகும் என்று புதைத்துவிட்டு, அந்த மனுஷன் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. உருளியைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவரை வாய்விட்டு ஏசினேன். வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், பிறகு ஒருத்தரும் ஸ்டேஷன் ஏறமாட்டார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, உருளியைச் சந்தைக்குளத்தில் போட்டுவிட்டுப் போ. கனவில் கண்டதாக ஏட்டிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவரைக் கண்டால் மட்டும் ஓடிவிடு மக்கா, கள்ளனை ரொம்ப ஆசையாகத் தேடுகிறார்.