அமெரிக்காவுக்குப் புருசெத் வழங்கிய ஆலோசனை

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்குக் காரணம், ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் மன்றம் மாதந்தோறும் கூடுவதுதான். இந்த மார்ச் முதலாம் திகதி, அமெரிக்காவைத் திருத்துவது என்று கூடினோம். அமெரிக்கா எங்களைக் கேட்கவில்லை. கேட்டால்தானா உதவி?

தலைவர் அருளானந்தன் அண்ணர் நேரே விஷயத்துக்கு வந்தார். "ஐரோப்பாவைப் பாத்துப் படியுங்கோ எண்டு அவங்களுக்கு ஆராவது சொல்லத்தானே வேணும்! செயலாளர், தீர்மானத்தை வாசியும்."

செயலாளர் அடியேன். ஒஸ்லோவில் இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். ஆகவே ஐரோப்பா முழுவதற்குமாகப் பேச எனக்குத் தகுதி உண்டு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தேன்.

"ஒன்று: இங்கே எந்தத் தொழிலும் தாழ்ந்ததில்லை. இரண்டு: பதினைந்து வயது நிரம்பினால், என்ன படிப்பதென்று பிள்ளையே தீர்மானிக்கும். தாய் தகப்பன் 'ஆலோசனை' மட்டும் சொல்லலாம். அமெரிக்கா இதைப் பின்பற்றுமாக!"

பலத்த கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுதியது எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மகள் ஹம்சத்வனி உள்ளே வந்தாள். வயது பதினைந்து. மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். முதல் விருப்பமாகத் தச்சு வேலையைப் போட்டிருந்தாள். நான் வாசித்துக்கொண்டு நின்ற மேசையின் ஆடும் காலைச் சரிசெய்தவளும் அவள்தான். அன்று காலை அவளுடைய விண்ணப்பத்தை நான் 'பரிசீலித்து', டொக்டர் ஆவதற்குரிய பிரிவாக மாற்றியிருந்தேன். அதற்குள் நுழையும் இரகசிய எண் என் கைபேசிக்குத்தான் வரும். பிள்ளையின் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு.

அவள் மேசைக்குக் கிட்ட வந்து மெல்லக் கேட்டாள். "அப்பா, நீங்கள்தானே மாத்தினது? கோட் இப்ப உங்கடை போனுக்கு வந்திருக்கு. தாங்கோ."

"கூட்டம் நடக்குது பிள்ளை. முடியட்டும், கதைப்பம்."

"உங்கடை கூட்டம் முடிய நாளைக்காகும். இண்டையோடை விண்ணப்பத் தவணை முடியுது அப்பா. நான் டொக்டர் ஆகமாட்டன். ப்ளீஸ்." அவள் கையை நீட்டினாள்.

"பிள்ளை என்னவாம்?" என்றார் தலைவர்.

"வைஃபை கோட் கேக்கிறா அண்ணை."

"வைஃபை பிறகு பாப்பம். தீர்மானத்தை ஆதரிக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ!"

உயர்ந்த கைகளுக்குள் என் கையே மிக உயரம். கைபேசி அதில்தான் இருந்தது. ஹம்சத்வனி குதிக்காலை உயர்த்தி அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். எட்டவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

அமெரிக்கப் பிள்ளைகளின் உரிமை ஏகமனதாக நிறைவேறியது.