நிஸாமின் எஞ்சினைப் போல

"இஞ்சாருங்கோ, நிஸாமின்ரை லொறி வாசலாலை போட்டுது. கவனிச்சனீங்களோ?" என்று கேட்டாள் மனைவி கேதீஸ்வரி.

"எனக்குக் கேக்கேல்லை," என்றார் தேவராசா.

"அதைத்தான் சொல்லுறன். கேக்காது. உங்கடையை ஸ்ராட் பண்ணினால் குசினியிலை பேணியெல்லாம் உருண்டு விழுது."

தேவராசாவுக்குத் தேத்தண்ணி கசந்தது. கோப்பாயில் அவரும் நிஸாமும்தான் தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றினார்கள். புத்தூர்த் தோட்டங்கள் இதுவரை அவர் பக்கம்தான். அங்கே அவர் ஹோர்ன் அடித்ததே இல்லை. ஒழுங்கைக்குள் திரும்ப முன்பே மூட்டைகள் படலையடியில் அடுக்கிக் கிடக்கும். எல்லாம் தன் முகராசி என்றுதான் நினைத்திருந்தார்.

ஆனால் இப்போது ஊரே நிஸாமின் எஞ்சினைப் பாடியது. புகை இல்லையாம். சாவியைத் தொட்டாலே பிடிக்குமாம். வாங்கிய நாள் முதல் திறக்கவே இல்லையாம். கேட்கக் கேட்கத் தேவராசாவின் வயிறு எரிந்தது. இப்படியே போனால் புத்தூர் மூட்டைகளும் அவனிடம் போய்விடும்.

நேரே கிறகோரியின் கராச்சுக்குப் போனார். இரண்டு லொறிக்கும் அவன்தான் மெக்கானிக்.

"உவன் எஞ்சினுக்கு என்னடா செய்யிறான்?"

"நேரத்துக்கு ஒயில் மாத்துவார் அண்ணை."

"உதை எனக்குச் சொல்லாதை. வேறை என்ன?"

"வேறை ஒண்டுமில்லை. உங்கடை எஞ்சினுக்கும் ஒரு வருத்தமுமில்லை. சைலன்சர்தான் உக்கி ஓட்டையாப் போச்சு."

தேவராசா நம்பவில்லை. இவனும் நிஸாமின் ஆள்தான், ரகசியத்தை மறைக்கிறான். ஒயில்தான் மருந்தென்றால் கூட ஊற்றினால் கூடச் சுகம்தானே என்று வீட்டுக்கு வந்து அளவுக்கோட்டைத் தாண்டி ஊற்றினார். அடுத்த நாள் லொறி நீலப் புகையாகக் கக்கியது. கேதீஸ்வரி கொடியில் காயப்போட்ட வேட்டியைத் திரும்பவும் தோய்த்தாள்.

"நிஸாமின்ரை லொறி போனால் கொடியிலை ஒரு கறுப்புப் பொட்டும் விழாது," என்றாள். அந்தப் பேச்சு அவரைக் கொன்றது.

அவர் திரும்பவும் கராச்சுக்கு ஓடினார். "புகை வரப்படாது. டீசலைக் குறைச்சு விடு!"

"ஒயிலைக் குறைச்சால் காணும் அண்ணை. டீசலைக் குறைச்சால் இழுக்காது."

"நான் சொன்னதைச் செய்!"

கிறகோரி இரண்டையும் குறைத்தான். புகை நின்றது, லொறியும் ஏறக்குறைய நின்றது. வல்லைப் பாலத்தில் மூட்டைகளோடு முக்கி முனகி ஏறும்போது மீன்காரர் ஒருவர் சைக்கிளில் முந்திக்கொண்டு போனார். பின்னால் சத்தமில்லாமல் வந்த நிஸாம் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினான்.

"தேவராசா அண்ணை, கயிறு போட்டு இழுக்கட்டோ?"

அவன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அதைத்தான் தேவராசாவால் தாங்க முடியவில்லை.

"டீசலைப் பழையபடி விடடா," என்றார் கிறகோரியிடம். "நீ சொன்ன சைலன்சரையும் மாத்து. ஆனால் சத்தம் உவன்ரையைப் போலை இருக்கவேணும்."

"அச்சொட்டா அப்பிடியே இருக்கும். பாவிச்சது ஒண்டு வரும், நாளைக்குப் பூட்டுறன். உங்கடை பழசை எனக்குத் தருவியளோ? ஒராள் கேட்டவர்."

"உந்த ஓட்டைத் தகரத்தையோ? ஆரந்த விசரன்?"

கிறகோரி சிரித்துக்கொண்டே லொறிக்குக் கீழே புகுந்தான்.

பூட்டி முடித்ததும் லொறி பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. கேதீஸ்வரி காதைக் கொடுத்துக் கேட்டாள். "அட, நிஸாமின்ரை மாதிரியே கிடக்கு!" தேவராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. இனி நிஸாம் எரியட்டும். அடுத்த நாள் காலை நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு புத்தூருக்கு விட்டார்.

ஒழுங்கையில் ஒரு மூட்டைகூட இல்லை. ஒவ்வொரு படலையடியிலும் வெங்காயச் சருகுதான் கிடந்தது. தோட்டக்காரி பத்மாவதி தற்செயலாக வெளியே வந்தவள் திடுக்கிட்டாள்.

"எட, தம்பியே? வந்த சத்தமே கேக்கேல்லை!"

"எஞ்சின் அப்பிடி அக்கா!" என்று பூரித்தார். "மூடையள் எங்கை?"

"போட்டுதே! வழக்கம்போலை உங்கடை லொறிச் சத்தம் சந்தியிலை கேட்டுது. எல்லாரும் மூடையளைத் தூக்கி வெளியிலை வைச்சிட்டம். பாத்தால் நிஸாம் வந்து நிக்கிறார். வெய்யிலுக்கை வெங்காயத்தை விடேலுமோ? ஏத்தி விட்டிட்டம்."

"என்ரை சத்தம் அவனிட்டை எப்பிடியக்கா போனது?"

"அவரும் பாவம் தம்பி, உங்கடை சத்தத்துக்குச் சனம் ஓடி வாறதைப் பாத்துக் கனநாளா வயித்தெரிச்சலாம், நேற்றுத்தான் தன்ரை நல்ல சைலன்சரைக் கழட்டிக் கிறகோரியிட்டைக் குடுத்திட்டு, உங்கடை ஓட்டைச் சைலன்சரை வாங்கிப் பூட்டினவராம்."