பரண்மேல் பூசணம்

பூசணம் வளர்த்தாவது பெண்டாட்டியைத் திரும்ப வாங்கிவிடுவது என்று கோபால்சாமி முடிவு செய்தான்.

அம்மாக்கண்ணு எங்கேயும் ஓடிப்போகவில்லை. நெல்லிவாசலில் அதே வீட்டில், அடுத்த அறையில்தான் இருந்தாள், பட்டுப்புழுத் தட்டுகளோடு. மகளை ஆலங்காயத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மிச்சம் இரண்டு வாய். அதில் ஒன்று புழுக்களோடு மட்டுமே பேசியது. "தின்னு கண்ணு, தின்னு" என்று அந்தப் பக்கம் குரல் கேட்கும். இந்தப் பக்கம் கோபால்சாமி ஆறிப்போன களியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் தின்னச் சொல்லவில்லை.

அப்போதுதான் திருப்பத்தூர் கூட்டத்தில் பட்டு ஆபீசர் சொன்னது ஞாபகம் வந்தது. சீனாவில் செத்த புழுமேல் பூசணம் வளர்த்து மருந்தாக விற்கிறார்களாம். அதே பூசணம் உயிருள்ள புழுமேல் பட்டால் மொத்தத் தட்டும் சுண்ணாம்புக் கட்டியாகிச் செத்துவிடுமாம். கோபால்சாமிக்கு இரண்டுமே பிடித்தது. மருந்து வந்தால் காசு. புழு போனால் பெண்டாட்டி. அந்தக் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

பட்டுநூல் எடுக்கும் இடத்தில், கூட்டை வேகவைத்த பிறகு மிஞ்சும் புழுக்களை ஒரு பானை நிறைய வாங்கிவந்து புழு அறை வாசலிலேயே வைத்தான். நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. சண்டை வரும் என்று காத்திருந்தான். சண்டையும் பேச்சுதானே.

அவள் சண்டை போடவில்லை.

"இவ்ளோ ஒசந்த சரக்கை இங்க வெச்சா நாய் இழுத்துட்டுப் பூடும் மாமா. சாமைக் கொல்லைப் பரண்மேல வெச்சு நீயே காவல் இரு."

"தனியாவா?"

"மருந்து செய்றவனுக்கு எதுக்குக் கூட்டம்?"

கொல்லை நடுவே, ஏணி வைத்து ஏறும் காவல் பரண்மேல் குளிர். டிரான்சிஸ்டரும் பேட்டரி தீர்ந்து வாயை மூடிக்கொண்டது. கிளி வந்தால் விரட்டுவதா, உட்காரச் சொல்வதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. சோறு, பக்கத்து வீட்டு முத்தம்மாள் கையில் வந்தது. வெறுத்துப்போய் அவளிடம், பூசணமும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியனுப்பினான்.

விடிந்து பார்த்தால் பானைக்குள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. கோபால்சாமி பானையைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் கொஞ்சம் கூடியது. அதை விட்டுப் போக மனசு வருமா?

ஒரு மத்தியானம், மருந்தின் வேகத்தைப் பார்க்கலாம் என்று விரலால் தொட்டு நக்கினான். சாமை மாவு மாதிரி இருந்தது. இன்னொரு தரம் நக்கினான். சாமை மாவேதான்.

மறுநாள் விடியலில் போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். ஏணி முனகியது. சல்லடையோடு ஏறிவந்தாள் அம்மாக்கண்ணு. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மாவைச் சலிக்க ஆரம்பித்தாள்.

கோபால்சாமிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"தெனமும் நீதான் வந்தியா?"

"ஆமா."

"ஒரு நாளாவது எழுப்பக் கூடாதா, புள்ள?"

"எழுப்புனா பேசுவே. பேசுனா வூட்டுக்கு வர்றேன்னுவே. புழு இன்னும் கூடு கட்டல மாமா. தூங்கு."

இறங்கிப் போனவள் ஏணியையும் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.