நல்லசாமிக்குத் தெரியாத ஊர்

"என்ன சார், தண்ணியில்லாத குற்றாலத்துக்குப் போறீங்களாமே?"

வேலிக்கு அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டிருந்த நல்லசாமி சாதாரணமாகத்தான் கேட்டார். இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சங்கரலிங்கம் தன் வேட்டியை நனைத்துக்கொண்டார். அந்த ஊர் முடிவானதே முந்தின நாள் சாயங்காலம்தான். முடிவானது அடுக்களையில். அங்கே இருந்தது அவரும் மனைவி தனபாக்கியமும் மட்டும்தான்.

"யாரு சொன்னா?"

"காதுல விழுந்துச்சு சார். அருமையான யோசனை! நம்ம பிளாக்ல பதினேழு பேரு ரெடி. மைக் செட் என் பொறுப்பு."

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷமாக, மண்ணை வாரும் ராட்சத இயந்திரத்துக்கும் அந்த மண்ணைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கும் நடுவே ஷிப்ட் பார்த்த மனிதர் சங்கரலிங்கம். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் பெல்ட் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். ரிட்டயர் ஆக இன்னும் மூன்றே மாதம். அதற்குள் பத்து நாள் லீவு போட்டு, சத்தமே இல்லாத ஓர் ஊரில் தங்கி, மனைவியோடு காலாற நடக்க வேண்டும். ஒரு குருவி கத்துவதையாவது காதாரக் கேட்க வேண்டும்.

அந்த ஆசைக்கு ஒரே எமன் நல்லசாமி. தங்கமான மனிதர்தான், ஆனால் தனியாக எங்கும் போகத் தெரியாதவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கரலிங்கம் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பியது தெரிந்து, வேன் பிடித்து, நாற்பத்திரண்டு பேரைத் திரட்டி, போகும்போதும் வரும்போதும் மைக்கில் பாடியவர்.

அதனால்தான் சங்கரலிங்கம் இந்தத் தடவை யோசித்து யோசித்து ஊர் பார்த்தார். ரயிலில் போய் இறங்க வேண்டும், இறங்கினால் நடக்க நல்ல பாதை இருக்க வேண்டும், சீசன் இருக்கவே கூடாது. 'அருவி காய்ஞ்ச மாசத்துல குற்றாலத்துக்கு எந்தக் கிறுக்கன் போவான்?' என்று கணக்குப் போட்டார். பதினேழு கிறுக்கர்கள் தயாராகிவிட்டார்கள்.

"பாக்கியம், யாருகிட்ட சொன்ன?"

"நான் எதுக்குங்க சொல்றேன்? ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொன்னா..."

"சொன்ன வரைக்கும் போதும்."

ஆனாலும் அவர் நியாயஸ்தர். மனைவியை மட்டும் சந்தேகப்படவில்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். குவார்ட்டர்ஸ் சுவருக்கு வாயும் உண்டு என்று முடிவு கட்டினார். அன்று சாயங்காலம் மனைவியைக் கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தடிக்கு அழைத்துப்போய், காதோடு காதாகப் புதிய ஊரைச் சொன்னார்.

"ஆரியங்காவு. ரயிலு காட்டுக்குள்ளயே போய் நிக்கும். சபரிமலை சீசன் முடிஞ்சாச்சு. ஈ காக்கா இருக்காது."

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த, பக்கத்து வடக்குத்து கிராமத்து அம்சவல்லி செம்பை வாங்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏங்க சார், ஆரியங்காவுக்குப் போறீங்களாமே! எங்க வூட்டுக்காரரு நானும் வரேன்னு காலைலேருந்து சொல்லிகினு கீறாரு. ஐயப்பன் கோயிலு இருக்குதாமே?"

வேலிக்கு மேல் நல்லசாமியின் தலை எழுந்தது.

"முப்பத்தொண்ணு ஆயிருச்சு சார்!"

சங்கரலிங்கம் அசரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இயந்திரம் பார்த்தவருக்கு ஒரு கசிவைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் சாயத் தண்ணீரை விட்டுப் பார்க்க வேண்டும். போகவே போகாத ஓர் ஊரின் பெயரை மனைவியிடம் மட்டும் சொல்வது, அது வெளியே வருகிறதா என்று பார்ப்பது. கேட்க ஒரு நாதி இல்லாத இடத்தில் சொல்ல வேண்டும்.

ஸ்கூட்டரில் தனபாக்கியத்தை ஏற்றிக்கொண்டு பண்ருட்டி சாலையில் போய், ஒரு முந்திரித் தோப்பின் நடுவே நிறுத்தினார். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பதை மறக்காமல் நாலு பக்கமும் பார்த்தார்.

"ஊரை மாத்திட்டேன். தனுஷ்கோடி."

மரத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து காக்கைகள் எழுந்து பறந்துபோயின. நல்லதாகப் போயிற்று, சாட்சிக்குக் காக்கைகூட இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

"ஏங்க, இப்பவாவது நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"உஷ்! வாயைத் தொறக்காத."

தனபாக்கியம் வானத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

வழியில் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நல்லசாமி நின்றார்.

"தனுஷ்கோடி! பிரமாதம் சார்! தோப்புல முந்திரிக்கொட்டை பொறுக்கறவங்க சொல்லி, எனக்குப் போன் வந்துச்சு. ஐம்பது பேரு ஆயாச்சு. ரெண்டு வேன் பேசிட்டேன்."

தோப்பில் ஆள் இருந்ததாகச் சொல்வது சுத்தப் பொய் என்று சங்கரலிங்கத்துக்குத் தெரியாதா என்ன? கண்ணால் பார்த்தாரே! பழக்கடையில் பழம் பொறுக்கின இரண்டு நிமிஷத்தில் மனைவி போன் பேசியிருக்கிறாள். கசிவு பிடிபட்டுவிட்டது.

பிடிபட்டு என்ன செய்ய? இரண்டு நாளில் வேனில் கட்ட பேனர் வந்தது. 'திரு. சங்கரலிங்கம் தலைமையில் தனுஷ்கோடி இன்பச் சுற்றுலா' என்று போட்டு, அவர் படம் வேறு. சுரங்கத்தில் பார்ப்பவர்களெல்லாம் கை கொடுத்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் சங்கரலிங்கம் தன் முழுத் திறமையையும் இறக்கினார். வாயைத் திறக்காமல் போனிலேயே ரயில் டிக்கெட் போட்டார். பெட்டி கட்டுகிறவளுக்கு ஊர் தெரியாமல் முடியாது என்பதால், ஒரு துண்டுச் சீட்டில் 'கேத்தி' என்று எழுதி மனைவியின் கண்ணுக்கு முன்னால் மூன்று விநாடி காட்டினார். ஊட்டி மலை ரயில் பாதையில், குன்னூருக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்டேஷன். ஊட்டிக்கே சீசன் இல்லாத மாசி மாதத்தில் கேத்தியில் யார் இறங்கப் போகிறார்கள்? சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஒரு நாள் போயிற்று. நாலு நாள் போயிற்று. கேத்தி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேன்கள் கிளம்பின. "பாக்கியத்துக்குக் கால்ல பிடிப்பு. நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லித் தன் படம் போட்ட பேனருக்குத் தானே கையசைத்து வழியனுப்பினார். நல்லசாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது கொஞ்சம் குற்ற உணர்வுகூட வந்தது. அது வேன் தெருமுனை திரும்பும்வரை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மலை ரயில் கேத்தியில் நின்றது. இறங்கியவர்கள் இரண்டே பேர். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன விடுதி. பத்து அறையில் ஒன்பது காலி. அக்கரை மலைச் சரிவில் கேரட் தோட்டங்கள் தெரிந்தன. அதில் வேலை செய்பவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். நடுவில் பனி. எங்கும் நிசப்தம்.

சங்கரலிங்கம் வராந்தாவில் நின்று மூச்சை இழுத்துவிட்டார். ஜெயித்துவிட்டார். மனைவி மேலிருந்த கோபம்கூடப் போய்விட்டது. அவள் தோளில் கை போட்டு, காதருகில் குனிந்து கிசுகிசுத்தார்.

"பாத்தியா பாக்கியம்? பேசாம இருந்தா ரகசியம் எப்படி நிக்குது பாரு. இந்த ஊரு பேரு மட்டும் நல்லசாமிக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சுது, வேனைத் திருப்பிக்கிட்டு வந்துருவாரு!"

தனபாக்கியம் வாயைத் திறந்தாள்.

"உஷ்!" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதற்குள் விடுதிக் காவலாளி பரமசிவம், ஒரு கையில் டீத் தட்டும் மறு கையில் செல்போனுமாக வந்து நின்றார்.

"சார், எதிர் மலையில கேரட் புடுங்குறவங்க போன் பண்ணிக் கேக்குறாங்க. யாரு சார் அந்த நல்லசாமி, அவருக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாதாம்?"