சாதனை பிறந்த மைதானம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள் ஒன்று உண்டு. ஆட்களைவிட மாடுகள் அதிகமுள்ள ஒரு விவசாய மாநிலத்தில், ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில், ஒரு மாணவன் நூறு மீட்டரைப் பத்து புள்ளி ஒன்பது விநாடியில் ஓடி முடித்த நாள்தான் அது.

அந்த மாணவன் இன்று மாநில விளையாட்டு அதிகாரி. முன்னால் ஒரு தொப்பையும் பின்னால் ஓர் உதவியாளரும் சேர்ந்துவிட்டாலும், எல்லோருக்கும் அவர் இன்னமும் ‘மின்னல்’தான். அவர் மேசைக்குப் போன கோப்புகளுக்கு மட்டும் அந்தப் பெயர்க் காரணம் விளங்கியதில்லை.

முப்பத்தோரு வருடமாக அந்தச் சாதனையை யாரும் நெருங்கவில்லை. அது நிகழ்ந்த மறு வருடமே மாநிலப் போட்டிகள் தலைநகரின் புது அரங்கத்துக்கு மாறிவிட்டன. அங்கே ஓடிய ஒரு பையனும் பதினொன்றுக்குக் கீழே வந்ததில்லை.

“இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கால்ல ரத்தமே ஓடல” என்று மின்னல் மேடைக்கு மேடை வருந்துவார். வருந்தியதோடு நிற்காமல், ‘தரத்தை உயர்த்த’ ஒரு விதியும் கொண்டுவந்தார். மாநிலச் சாதனையை முறியடிப்பவருக்கு மட்டுமே விளையாட்டுக் கல்லூரியில் இடம். அந்த இடம் அன்றிலிருந்து காலியாகவும், மிகுந்த தரத்துடனும் இருந்துவருகிறது.

அதன்மேல் கண்வைத்திருந்தவர்களில் மின்னலின் மகனும் ஒருவன். பள்ளியில் கடைசி வருடம். கணக்கில் அவன் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் வேறு எந்தக் கல்லூரியும் வாசல்பக்கம் விடாது. ஓட்டம் கைவிட்டால் மாமாவின் மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான். மாமா சாக்கு ஊசி வரைக்கும் எடுத்து வைத்திருந்தார்.

“பதினொண்ணு புள்ளி ரெண்டுப்பா! இந்த வருஷம் நான்தான் முதல்” என்று வந்து நின்றான் ஒரு நாள்.

“ஆமைங்கள்ல முதல் ஆமை” என்றார் மின்னல், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“பெத்த புள்ளைய ஆமைங்கிறீங்களே, அப்ப நீங்க யாருங்க?” என்றாள் மனைவி.

அந்த வருடம் ‘மாநில ஆண்கள் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வரலாறு’ என்ற பெருநூல் தயாராயிற்று. கால்பந்துக்கு ஒன்றரைப் பக்கம். கைப்பந்துக்கு ஒரு படம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு இருநூற்றுப் பத்துப் பக்கம். நூல் வெளியீட்டையும் மாநிலப் போட்டியையும் ஒரே நாளில், ‘சாதனை பிறந்த மைதானத்திலேயே’ நடத்துவதென்று விழாக்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. கூட்டத்துக்கு மின்னல் மட்டுமே வந்திருந்ததால் ஒருமனது சுலபமாக வாய்த்தது.

மைதானத்தின் கோடியில் குறுக்கே ஒரு வாய்க்கால் ஓடியது. அமைச்சரின் கார் மேடைவரை வரவேண்டுமே! அந்த வாரம்தான் வாய்க்காலை சிமெண்டுப் பலகையால் மூடி மண்ணைப் பரப்பினார்கள்.

விழாவுக்கு முதல் நாள் மாலை, முடிவுக்கோட்டைத் தங்க வண்ணத்தில் தீட்டும் பொருட்டு, மின்னல் தானே அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையோடு உடற்பயிற்சி ஆசிரியர் நடந்தார். பழைய முடிவுக்கோட்டைக் காட்டும் இரண்டு கல்தூண்களும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றன. ஆசிரியர் தூண்களைக் கடந்தும் நடந்தார்.

“எங்கய்யா போறீங்க?”

“நூறு இன்னும் வரல சார். தூண்கிட்ட தொண்ணூத்திரெண்டுதான் வந்துச்சு.”

“நாடாவ நல்லா இழுத்துப் பிடிங்க!”

“இழுத்தா இன்னும் குறையுமே சார்.”

வேறு நாடா வந்தது. அதுவும் அதையே சொன்னது. நூறாவது மீட்டர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு புல் திட்டில் சாவதானமாகக் கிடந்தது.

மின்னலுக்கு அப்போதுதான் அந்தக் காலத்து டிரில் மாஸ்டரின் குரல் காதில் விழுந்தது. “வாய்க்கால்ல விழுந்து தொலைச்சுடுவீங்கடா. இங்கயே முடிச்சுக்குவோம்.” முடித்துக்கொண்டார்கள். மீதி எட்டு மீட்டரை மாநிலம் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டது.

உடற்பயிற்சி ஆசிரியருக்கோ முகமெல்லாம் பல். “நல்லதாப் போச்சு சார்! பழைய கோட்டையே தீட்டிடுவோம். நம்ம தம்பி பத்தரைக்குள்ள வந்துடுவான். சீட்டு கையில!”

மின்னல் வானத்தைப் பார்த்தார். தூண்களைப் பார்த்தார். மகனை நினைத்தார். பிறகு இருநூற்றுப் பத்துப் பக்கங்களையும் நினைத்தார்.

“நாம அறிவியல் யுகத்துல இருக்கோம் சார்” என்றார். “குறைச்ச தூரத்துல ஓடவிட்டு சொந்தப் புள்ளைக்கு சீட்டு வாங்குனேன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது. நேர்மைனு ஒண்ணு இருக்குல்ல? கோட்ட அந்தப் பக்கம் போடுங்க. தூண ரெண்டையும் பிடுங்கிடுங்க.”

“அப்ப உங்க சாதனை சார்?”

“அதான் அச்சாயிடுச்சே.”

மறுநாள் மகன் உயிரைக் கொடுத்து ஓடினான். பதினொன்று புள்ளி ஒன்று. அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் வெகு பின்னால் வந்தார்கள். மின்னல் மைக்கைப் பிடித்தார்.

“அப்பன்கிற முறையில என் நெஞ்சு வெடிக்குது. அதிகாரிங்கிற முறையில சொல்றேன், விதி விதிதான்!”

மகன் என்றும் பாராத அந்த நீதியைக் கண்டு கூட்டம் கண் கலங்கியது. முன்வரிசையில் இருந்த தாய் மட்டும் கலங்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் மூச்சு வாங்க மேடையோரம் வந்தான்.

“அப்பா, கடைசில கால் வச்சப்ப கீழ டம்முனு சத்தம் கேட்டுச்சு. அந்தப் பலகை இந்த வாரம் போட்டதுதானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அப்ப நீங்க ஓடுனப்ப வாய்க்கால் திறந்துதானே கிடந்திருக்கும்? எப்படிப்பா அந்தப் பக்கம் போனீங்க?”

மைக்கை யாரும் அணைக்கவில்லை. கேள்வி மைதானம் முழுக்கக் கேட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

மின்னல் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் பத்து புள்ளி ஒன்பது விநாடிகூட இருக்காது.

“தாண்டினேன்” என்றார்.

அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். நூலின் இரண்டாம் பதிப்பில் ‘இடையே ஒரு வாய்க்காலையும் தாண்டி’ என்ற வரி சேர்ந்தது. நீளம் தாண்டுதலிலும் அவர் பெயர் ஏறியது. அடுத்த மாதம் மகன் தீவன மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

மின்னல் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்த வாய்க்காலை அவர் தாண்டியது நிஜம்தான். முப்பத்தோரு வருடம் கழித்து, மகனின் முதுகில் கால் வைத்து.